வளவில் வானம், பாட்டிலில் மேகம்

எங்கள் வீட்டில் மேகம் பார்ப்பது பிள்ளைகளின் வேலை. 1970-களின் காரைக்குடிப் பக்கம். நோட்டு அட்டையில் ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று எழுதிக்கொண்டிருந்த காலம். சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-ல்தான். முகப்பைத் தாண்டினால் வளவு, வளவின் நடுவில் திறந்த முற்றம். சித்திரை பிறந்துவிட்டால் முற்றத்திலும் மேல்மாடியிலும் பழைய வேட்டிகளை விரித்து வடகம், மோர்மிளகாய், கூழ்வத்தல், சுண்டைவத்தல் என்று வரிசையாகக் காயவைப்பார்கள். காக்கையை விரட்டுவது எங்களுக்குப் பாதி வேலை. வானத்தைப் பார்த்துச் சொல்வது மீதிப் பாதி.

வெயில் சாயும் நேரத்தில் அடுப்படியிலிருந்து அப்பத்தாவின் குரல் வரும்.

“ஏத்தா, மேக்கால என்ன தெரியுது?”

“மேகந்தான் அப்பத்தா.”

“மேகம்னா? குவிஞ்சு கெடக்கா, சீவிவிட்டாப்ல கெடக்கா?”

“குவிஞ்சுதான் கெடக்கு.”

“அடி கறுத்துருக்கா? தல வளருதா?”

அடி கறுத்து, தலை வளர்ந்துகொண்டே போனால் வத்தலை வேட்டியோடு சுருட்டி உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். உயரத்தில் இழை இழையாகச் சீவிவிட்டதுபோல் கிடந்தால் வத்தல் அங்கேயே இருக்கலாம். புரட்டாசி முடிந்து ஐப்பசி வந்ததும் கேள்வி மாறிவிடும். அப்போது மேற்கைப் பற்றி அவள் கேட்கமாட்டாள். வடகிழக்கே, ஈசானி மூலையில், வானம் ஒரே சாம்பல் நிறமாக மூடிக்கொண்டு வருகிறதா என்று கேட்பாள். மூடிக்கொண்டு வந்தால் விறகை நனையாத இடத்துக்கு மாற்றுவது எங்கள் பொறுப்பு.

அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 1802 டிசம்பரில் லண்டனில் ஒரு சிறிய அறிவியல் சங்கத்தில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து தயாரிப்பாளர் மேகங்களை வகைபிரித்துக் கட்டுரை வாசித்தார். குவிந்து கிடப்பவை, இழையாக ஓடுபவை, படுக்கையாகப் பரந்தவை, மழை பொழிபவை என்று அவர் பிரித்தார். இன்று உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கும் 10 அடிப்படை வகைகளும் அவர் போட்ட அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுந்தவைதான். நம் பாடநூல்களில் அவை திரள் மேகம், கீற்று மேகம், படை மேகம், கார்திரள் மேகம் என்றெல்லாம் வருகின்றன. குவிந்திருக்கிறதா, சீவிவிட்டதுபோல் இருக்கிறதா என்று அப்பத்தா கேட்டது ஹோவர்ட் செய்த அதே முதல் பிரிவு. அடி கறுத்துத் தலை வளருகிறதா என்று அவள் கேட்டதற்கு, திரள் மேகம் கார்திரள் மேகமாக மாறிக்கொண்டிருக்கிறதா என்று பொருள். வானிலை ஆய்வாளர் ஒருவர் மாலை நான்கு மணிக்குக் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

இதை நான் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலும் யாரும் கேட்டதில்லை.

பள்ளியில் மேகம் என்பது வினா-விடை. ‘மேகம் எவ்வாறு உருவாகிறது?’ நான்கு வரி விடை. சார் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் நீர்ச் சுழற்சிப் படம் ஒன்று வருடாவருடம் வரும். இடதுபக்கம் கடல், வலதுபக்கம் மலை, மேலே கோடுகளோடு சூரியன், நடுவில் அம்புக்குறிகள். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கடலும் தெரியாது, மலையும் தெரியாது. தெரிவது செம்மண் பொட்டல், கண்மாய்க்கரை, அதற்கு மேலே தடையே இல்லாத முழு வானம். படத்தை நாங்கள் பார்த்து வரைந்துகொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே அசல் மேகம் போய்க்கொண்டிருக்கும். வெளியே வேடிக்கை பார்த்தால் அடி விழும்.

வீட்டில் அன்றாடம் செய்த கவனிப்புக்கும் பள்ளியில் எழுதிய நான்கு வரிக்கும் நடுவே ஒரு பாலம் போட அன்றைக்கு ஆளில்லை. இத்தனைக்கும் காரைக்குடி அறிவியலுக்குப் புதிய ஊரல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இங்கே வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாட்டின் முதல் ஆய்வகங்களில் ஒன்று எங்கள் பேருந்து போகும் வழியில் இருந்தது. மதிலைப் பார்த்துக்கொண்டே போவோம். ஒரு சோதனைக்குழாயைக் கையில் தொடாமலே நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். என் வகுப்பில் இருந்த எல்லாருடைய கதையும் அதுதான்.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் தொடங்கியது. 1987-ல் பிள்ளைகளுக்கான அறிவியல் இதழாகத் துளிர் வந்தது. வீட்டில் கிடக்கும் பொருளை வைத்துப் பிள்ளைகளே சோதனை செய்யலாம், ஆய்வகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்ற எண்ணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் அந்த இயக்கத்து ஆசிரியர்கள். வடக்கே மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972-லேயே இதைத் தொடங்கியிருந்தது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து அர்விந்த் குப்தா செய்த பொம்மைகள் அங்கிருந்து கிளம்பியவைதான். கையால் செய்தால்தான் மண்டையில் ஏறும் என்பதை இவர்கள் வெறும் கொள்கையாக விடாமல், பொருளும் விலையும் கணக்கிட்டு நடைமுறையாக்கினார்கள். அந்தக் கடனை நாம் மறக்கக் கூடாது.

இன்றைக்கு அரசுப் பள்ளிக்குள்ளேயே அது வந்துவிட்டது. 2022 நவம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திருச்சியில் வானவில் மன்றத்தைத் தொடங்கிவைத்தார். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கான நடமாடும் அறிவியல் ஆய்வகம் அது. கருத்தாளர்கள் என்று அழைக்கப்படும் இளைஞர்கள் இருசக்கர வாகனத்தில் சோதனைப் பொருள்களோடு பள்ளி பள்ளியாக வருகிறார்கள். சிக்ரியின் கதவும் திறந்திருக்கிறது; அதன் தாய் அமைப்பான சிஎஸ்ஐஆர் 2017-ல் தொடங்கிய ஜிக்யாசா திட்டத்தின் வழியே பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் போய்வருகிறார்கள். மதிலை மட்டும் பார்த்து வளர்ந்த எனக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று எழுதிக் காட்ட முடியாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவி என்ற முறையில் நானும் இருக்கிறேன். அதனால், மேகம் செய்யும் வகுப்பு ஒன்றைக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கருத்தாளராக வந்த பெண்ணுக்கு என் மகளைவிடச் சின்ன வயது. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்தார். ஒட்டியிருந்த தாளைப் பிரித்து நன்றாகத் துடைத்த, கண்ணாடிபோல் தெளிவான பாட்டில். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் வந்தது. அதில் கொஞ்சம் ஊற்றி, மூடியைத் திருகி, குலுக்கி, ஒரு பையனிடம் கொடுத்தார்.

“அமுக்கிப் பிடி. இப்ப சட்டுனு விடு. என்ன தெரியுது?”

“ஒண்ணும் இல்ல மிஸ்.”

“இன்னொரு தடவை.”

ஒன்றும் இல்லை. பாட்டில் பெஞ்ச் பெஞ்சாகப் போனது. எல்லோரும் அமுக்கினார்கள், எல்லோரும் விட்டார்கள், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நேராக வித்தையைக் காட்டிவிடாமல் அந்த ‘ஒன்றுமில்லை’க்கு அவர் இவ்வளவு நேரம் கொடுத்ததை நான் மிகவும் மதித்தேன். பிறகு மூடியைத் திறந்து, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைப் பாட்டிலுக்குள் விட்டு மூடினார். கறுப்பு சார்ட் ஒன்றைப் பின்னால் பிடிக்கச் சொன்னார், பக்கவாட்டில் செல்போன் டார்ச். அதே பையன் அமுக்கினான். விட்டான்.

பாட்டில் முழுக்க வெள்ளை.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரமானது. மறுபடி அமுக்கச் சொன்னார், வெள்ளை மறைந்தது. விடச் சொன்னார், வந்தது. அமுக்கினால் போகிறது, விட்டால் வருகிறது. ஏன்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். சுடும் என்றான் ஒருவன். அமுக்கினால் காற்று சூடாகும். விட்டால் விரியும், விரிந்தால் குளிரும். குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் ஆவியாகவே வைத்துக்கொள்ள முடியாது, மிச்சம் துளியாகிவிடும். தரையில் சூடான காற்று மேலே போகப் போக அதைச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது, அது விரிகிறது, ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குளிர்கிறது. போதுமான அளவு குளிர்ந்த உயரத்தில் துளி பிறக்கிறது. அந்த உயரம் அந்த வட்டாரத்தில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான், திரள் மேகங்களின் அடிப்பக்கம் அளந்து வெட்டியது மாதிரி தட்டையாக இருக்கிறது. அப்பத்தா ‘அடி’ என்று சொன்ன அந்த இடம்.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். “மிஸ், மேல யாரு மிஸ் தீக்குச்சி கொளுத்துறா?”

வகுப்பே சிரித்தது. கருத்தாளர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. நம்ம ஊர்ல என்னென்ன புகை மேல போகுது, சொல்லுங்க” என்றார். குப்பை எரிக்கிறது, செங்கல் சூளை, சீமைக்கருவேலக் கரிமூட்டம், பஸ் புகை, தீபாவளி வெடி என்று பட்டியல் வளர்ந்தது. புழுதி, மகரந்தம் என்று அவர் இரண்டு சேர்த்தார். தேவகோட்டை வழியாகப் போனால் தொண்டிக் கடல். அங்கே அலை உடைந்து தெறிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் காற்றில் ஏறுகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மழைத்துளி தன் வாழ்க்கையைத் தொடங்குகிறது என்று முடித்தார். தூசி இல்லாவிட்டால் மேகம் இல்லை என்பதை அந்தப் பிள்ளைகள் இனி மறக்கமாட்டார்கள். முதலில் கிடைத்த அந்த ‘ஒன்றுமில்லை’ அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இந்தப் பாட்டிலின் வம்சம் பெரிது. 1894 செப்டம்பரில் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் தங்கியிருந்தபோது, மேகத்தின் மேல் சூரிய ஒளி விழுந்து உண்டாகும் வண்ண வளையங்களைப் பார்த்து மயங்கினார். அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் செய்துபார்க்கவேண்டும் என்று கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து காற்றை விரியவிட்டு விரியவிட்டுப் பார்த்தார். அதிலிருந்துதான் அணுவுக்கும் சிறிய துகள் ஓடிய தடத்தைக் காட்டும் மேக அறை வந்தது. 1927-ல் நோபல் பரிசு வந்தது. நம் ஆறாம் வகுப்புப் பிள்ளை அமுக்கிவிட்ட பாட்டிலிலும் நடந்தது அதே வேலைதான்.

வகுப்பு முடிந்ததும் கருத்தாளரோடு டீக்கடைக்குப் போனேன். பாய்லரைக் காட்டினார். ஆவி வெளியேறும் துளையை ஒட்டிக் கொஞ்ச இடம் காலியாகத் தெரிகிறது. அதற்கு மேலேதான் வெள்ளை தொடங்குகிறது. காலியாகத் தெரியும் இடத்தில் இருப்பதுதான் நீராவி, வெள்ளையாகத் தெரிவது துளிகள் என்றார். மேகத்தை நீராவி என்று பெரியவர்கள் பலரும் இன்னும் சொல்கிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிள்ளையைப் பாய்லர் முன்னால் இரண்டு நிமிடம், கை எட்டாத தூரத்தில் நிறுத்தினால் போதும், அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதே காரைக்குடியில் இன்னொரு வகைக் ‘கைவேலை அறிவியலும்’ நடக்கிறது. புராஜெக்ட் என்ற பெயரில் சார்ட்டில் பஞ்சை ஒட்டி மேகம் செய்து தரச் சொல்கிறார்கள். கடையில் தயாராகவே விற்கிறது. பெரும்பாலும் ஒட்டுவது அம்மா. கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி, மேலே ஷேவிங் நுரையைப் பிதுக்கி, அதன்மேல் நீலச் சாயம் சொட்டி, சாயம் கீழே இறங்கும்போது ‘இதுதான் மழை’ என்று சொல்லும் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பிழையைக் கற்றுக்கொடுக்கிறது. மேகம் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருக்கும் பை அல்ல. கனம் தாங்காமல் அது பொத்துக்கொள்வதும் இல்லை. ஒரு கிலோமீட்டர் நீள, அகல, உயரமுள்ள சாதாரணத் திரள் மேகத்தில் ஏறக்குறைய 500 டன் தண்ணீர் இருக்கும். அது விழாமல் இருப்பதற்குக் காரணம், அந்தத் தண்ணீர் முழுவதும் 0.02 மில்லிமீட்டர் அளவுள்ள துளிகளாகச் சிதறிக் கிடப்பதுதான். அந்த அளவுள்ள துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இறங்கும்; கீழிருந்து ஏறும் காற்று அதைச் சுலபமாகத் தூக்கிவிடும். அப்படிப்பட்ட துளிகள் ஏறக்குறைய பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி.

சேர்வதைக் காட்ட நுரை வேண்டாம். ஊருணியில் ஒரு தாமரை இலை போதும். இலையின் மேல் விரலால் தண்ணீரைத் தெளித்து மெல்லச் சாய்த்தால், சின்னத் துளிகள் நின்ற இடத்தில் நிற்க, பெரியது ஓடி வழியில் இருப்பதையெல்லாம் விழுங்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடுகிறது. உறையும் குளிர் எட்டாத உயரத்து மேகத்துக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். உயர்ந்த கார்திரள் மேகங்களில் பனிப்படிகங்களும் சேர்ந்துகொள்கின்றன. கோடை மழையோடு சிலசமயம் ஆலங்கட்டி விழுவது அதனால்தான்.

பாட்டில் சோதனையை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அது நடக்கும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே போன மேகத்தை அன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை. என் குறை இந்த ஓர் இடத்தில்தான். எங்களுக்கு வானம் இருந்தது, விளக்கம் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு விளக்கம் வந்துவிட்டது, வானம் குறைந்துகொண்டே போகிறது. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. திறந்திருக்கும் வீடுகளிலும் குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து முற்றத்தின் மேல் கம்பி வலையும், பிறகு ஷீட்டும் போட்டுவிட்டார்கள். புது வீடுகளில் முற்றமே கிடையாது. வத்தல் பாக்கெட்டில் வருகிறது. மழை வருமா என்று செல்போனில் பார்க்கிறோம்.

செல்போனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வானொலியில் ‘வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்’ என்று கேட்டதோடு எங்கள் காலத்து வானிலை அறிவிப்பு முடிந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டையைச் சிதைத்து, சிவகங்கை மாவட்டத்துக்குள்ளும் வந்தபோது, அது வரும் பாதையை முன்கூட்டியே சொல்ல முடிந்ததால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ. காரைக்கால் ரேடார் படமும் இன்சாட் செயற்கைக்கோள் படமும் இன்று எந்தப் பிள்ளையின் கைக்கும் எட்டும். ஆனால் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்சாட் பார்ப்பது மேகத்தின் மேல்பக்கத்தை. நம் தலைக்கு மேல் இருக்கும் அடிப்பக்கத்தை நாம்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். பள்ளி மைதானத்தில் அதைப் பிறகு நாங்களே செய்து பார்த்தோம். எங்கள் வளவில் பெல்ஜியம் கண்ணாடிகள் ஆளுயரத்துக்குத் தொங்கின. பிள்ளைகள் பக்கத்தில் போகக்கூட விடமாட்டார்கள். இப்போது பிள்ளைகள் கையில் இருப்பது பத்து ரூபாய்க் கண்ணாடி. அதில் மார்க்கரால் எட்டுக் கட்டம் போட்டுத் தரையில் வைத்தார்கள். எத்தனை கட்டம் மேகம் என்று எண்ணினால் அதுதான் மேக அளவு. வானிலை நிலையங்களும் வானத்தை எட்டாகப் பிரித்துத்தான் அளக்கின்றன. ஐந்தா ஆறா என்று இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அளப்பவர்கள் அப்படிச் சண்டை போடத்தான் வேண்டும். கண்ணாடியில் சூரியன் விழும் பக்கம் குனியக் கூடாது, கண் போய்விடும் என்று முதலிலேயே எச்சரித்து, சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போன பிறகுதான் தொடங்கினோம்.

கண்ணாடியின் ஓரத்தில் கிழக்கு, மேற்கு எழுதி, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஆவணி மாதம். தாழ்வாகப் போன திரள் மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போயின. நல்ல உயரத்தில் இருந்த கீற்று மேகத்தை ஒரு பையன் கட்டத்தின் மூலையில் குறிவைத்து, அசையாமல், மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தான். “ஆச்சி, இது எதிர்த்தாப்ல போகுது!” என்று கத்தினான். எல்லோரும் வந்து குனிந்தார்கள். ஆமாம், அது கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் தலைக்கு மேல் கீழடுக்குக் காற்று மேற்கிலிருந்து வீசும். பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று விரையும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். அதை 1950-களில் ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச்சொன்னவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி.கோட்டீஸ்வரம். பலூன்களை மேலே அனுப்பித் திரட்டிய தரவுகளில் அவர் கண்டதன் ஒரு நுனியை, காரைக்குடிப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவன் பத்து ரூபாய்க் கண்ணாடியில் கண்டுவிட்டான். அன்று அவன் நடந்த நடையே வேறு.

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிவகங்கை மாவட்டத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. பெரும்பாலான கண்மாய்கள் வானத்தை நம்பித்தான் இருக்கின்றன. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். அவர்களில் பலர் வயலில் நின்றவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அப்படிப்பட்டவர்கள்தான். இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லச் சொல்லி எங்களை அப்பத்தா அணைத்துக்கொள்வாள். பயம் போகும், அது நல்லதுதான். இன்றைய பிள்ளைக்கு அதோடு ஒரு கணக்கும் தெரிய வேண்டும்: மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணினால், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் உடனே வீட்டுக்குள் போக வேண்டும். தலை வளர்ந்து, உச்சி பரந்து, அடி கறுத்து வரும் மேகத்தைத் தூரத்திலேயே அடையாளம் காணும் பிள்ளை, வயலில் நிற்கும் அம்மாவை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே கூப்பிட்டுவிடும்.

வானவில் மன்றக் கருத்தாளர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் என் கோரிக்கை சின்னதுதான். பாட்டிலில் மேகம் செய்த அன்றே பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். பருவமழைக் காலத்துக்கு ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்: தேதி, மேகத்தின் வகை, எட்டில் எத்தனை, எந்தத் திசை, மழை எத்தனை மில்லிமீட்டர். மழையளக்க, பக்கம் நேராக உள்ள பாட்டில் ஒன்றின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, அடியை மணல், தண்ணீர் போட்டுச் சமமாக்கி, ஓர் அளவுகோலை ஒட்டினால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர் என்று பிள்ளைகளே கணக்குப் போடுவார்கள். வீட்டில் இருக்கும் பாட்டி, தாத்தாவிடம் மழைக் குறிகளைக் கேட்டு அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று மார்கழியில் பிள்ளைகளே சரிபார்க்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் பள்ளிக்கு ஒரு நோட்டு, ஒரு கண்ணாடி, ஒரு பாட்டில் எடுத்துவைத்துவிடுங்கள்.